முப்பத்தெட்டு படிவங்களும் ஒரு கிரேன் ஆபரேட்டரும்

நோயாளிகளிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இது என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அவர்களுக்கு பஸ் வந்துவிடும். ராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தேழு வருடம் மருத்துவ சமூகப் பணியாளராக இருந்தேன். என் அம்மா கடைசி வரைக்கும் என்னை நர்ஸ் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை என்று திருத்தினால், "அப்ப உனக்கு ஊசி கூடப் போடத் தெரியாதா?" என்று வருத்தப்படுவாள். அதனால் விட்டுவிட்டேன்.

உங்களிடம் என் சாதனைகளைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்குக்கூடத் தேறவில்லை. தவறுகள் என்றால் சாப்பாட்டு இடைவேளை விட்டு ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அதில் பெரியது எதுவோ அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. வயிற்றைச் சிறியதாக்கி, குடலில் கொஞ்ச தூரத்தை விட்டுவிட்டு இணைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பயிற்சி எடுத்த ஒரு சர்ஜன் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். கை சுத்தமான ஆள். பேச்சு வேகம், பொறுமை குறைவு. யானைக்கவுனி வியாபாரக் குடும்பங்கள், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆட்கள், மருத்துவ வசதி உள்ள துறைமுக ஊழியர்கள் என்று அவரிடம் கூட்டம் வர ஆரம்பித்தது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுத் தாளைக் கொடுத்தார்.

"மேடம், எடை குறைஞ்சுதான்னு தராசு சொல்லிடும். ஆள் எப்படி இருக்கான்னு தராசு சொல்லாது. அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு கேள்வித்தாள் இருக்கு. நம்ம ஆட்களுக்குத் தமிழ்ல வேணும். உங்களுக்குத் தமிழ் ரொம்ப நல்லா வரும்னு சொன்னாங்க."

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று மருத்துவமனையில் ஒரு வதந்தி இருந்தது உண்மைதான். அதைக் கிளப்பியவள் நானேதான். கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய ஒரு சின்னக் கோப்பையை மேஜை மேல் வைத்திருந்தேன். அதில் பேனா போட்டு வைத்திருந்ததால் அது கண்ணில் படாமல் யாரும் என்னிடம் கையெழுத்து வாங்க முடியாது.

மூன்று வாரம் திருவொற்றியூர் வீட்டில் அகராதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். அந்த மூன்று வாரமும் வீட்டில் ஒருவரும் என்னோடு பேச முடியவில்லை. உப்பு குறைவு என்று என் கணவர் சொன்னதற்கு, "எவ்வளவு அடிக்கடி இவ்வாறு உணர்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன்.

தலைப்புக்கு "வாழ்க்கைத் தரம் குறித்த வினாநிரல்" என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டேன். சாப்பிட்ட பிறகு உடம்பு என்ன செய்கிறது என்று கேட்கும் கேள்வி, "உணவு உட்கொண்ட பின் அசௌகரியம் ஏதேனும் ஏற்படுகிறதா?" என்று ஆயிற்று. நாலு பேர் நடுவில் தன் உடம்பை நினைத்துக் கூச்சப்படுவதை ஆங்கிலத்தில் 'செல்ஃப் கான்ஷியஸ்' என்று எழுதியிருந்தார்கள். அதை நான் சொல்லுக்குச் சொல் வெட்டி, "பிறர் முன்னிலையில் நான் சுயநினைவுடன் இருக்கிறேன்" என்று எழுதினேன். எழுதியதோடு நில்லாமல், படித்துப் பார்த்து ரசிக்கவும் செய்தேன்.

இப்படி மொழிபெயர்த்தால், தமிழை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டு ஆங்கிலமும் பொருந்தினால் மொழிபெயர்ப்பு சரி என்பது விதி. தண்டையார்பேட்டையில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் செய்து கொடுத்தார். அவருடைய ஆங்கிலம் மூலத்தை விட அழகாக இருந்தது. 'சுயநினைவு' என்பதைக்கூட அவர் கூச்சம் என்ற பொருளிலேயே திருப்பி எழுதியிருந்தார். நான் என்ன சொல்ல வந்திருப்பேன் என்று ஊகித்துவிட்டார். புத்திசாலிகளால் வருகிற ஆபத்து இது. இரண்டு படித்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டோம். நோயாளி அந்த அறையிலேயே இல்லை.

படிவத்தை அச்சடித்து வெளிநோயாளிப் பிரிவில் கொடுக்க ஆரம்பித்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். அங்கே நடந்த வேடிக்கைகளை மதியம் கேன்டீனில் நடித்துக் காட்டுவதுதான் அப்போது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு.

சுயநினைவுக் கேள்வியைப் படித்த ஒரு வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "சுயநெனவு இல்லாமயா மேடம் தனியா பஸ் ஏறி வந்துகீறேன்?" என்றார். 'எப்போதும் உண்டு' என்ற கட்டத்தில் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி டிக் போட்டார்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜெரினா என்று ஒரு பெண் வருவாள். முப்பது வயதுக்குள்தான். கூடவே மாமியாரும் வருவார். "தாம்பத்திய உறவில் திருப்தியாக உள்ளீர்களா?" என்று ஒரு கேள்வி. மாமியாரை வைத்துக்கொண்டே நான் அதைச் சத்தமாகப் படித்தேன். எனக்கு அப்போது கூச்சமே இல்லை, விஞ்ஞானம் பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா! ஜெரினா தரையைப் பார்த்தாள். மாமியார்தான் பதில் சொன்னார். "ஒறவுக்காரங்களுக்கு இன்னா கொறைச்சல் மேடம்? எல்லாம் வரப் போக நல்லாத்தான் கீறாங்க. 'ரொம்பத் திருப்தி'ன்னு போட்டுக்கங்க." நானும் போட்டுக்கொண்டேன்.

இதைக் கேன்டீனில் சொன்னபோது ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. நானும் சிரித்தேன். நோயாளிகள் விவரம் தெரியாதவர்கள் என்றுதான் அன்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

இப்படி முப்பத்தெட்டு படிவங்கள் சேர்ந்தன. மதிப்பெண்கள் பிரமாதமாக இருந்தன. அதிலும் முதலிடம் தேவராஜுக்கு.

தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். வயது நாற்பத்து நான்கு, வீடு தண்டையார்பேட்டை. கப்பல் ஓரமாக நிற்கும் உயரமான கிரேன்களில் மேலே கண்ணாடிக் கூண்டு இருக்கும். இரும்பு ஏணியில் ஏறித்தான் அதற்குள் போக வேண்டும். உடம்பு நூற்று நாற்பது கிலோவுக்குப் போனதும் தேவராஜால் ஏணி ஏற முடியவில்லை. இறக்கி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொள்ள அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: மறுபடி மேலே போக வேண்டும்.

முதல் நாள் அவரிடம் விவரம் கேட்டு எழுதியபோது, என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "நீங்க எப்ப மேடம் பண்ணிக்கப் போறீங்கோ?" என்று கேட்டார். எனக்கு அப்போது எடை எண்பத்தெட்டு. "கேள்வி கேட்கிறது நான்" என்று சொல்லி வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ குறைந்திருந்தார். படிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. உணவுக்குப் பின் அசௌகரியம்? ஒருபோதும் இல்லை. வேலைக்குத் தடை? ஒருபோதும் இல்லை. சர்ஜனுக்கு வாயெல்லாம் பல். தேவராஜ் மறுபடி கிரேன் ஏறலாமா என்று முடிவு செய்ய துறைமுகத்தின் மெடிக்கல் போர்டு கூடவிருந்தது. உயரத்தில் வேலை செய்யத் தகுதியானவர் என்று சர்ஜன் சான்றிதழ் எழுதி, என் மதிப்பெண் தாளையும் இணைத்து, உறையில் போட்டு தேவராஜ் கையிலேயே கொடுத்துவிட்டார். மறுநாள் காலை போர்டு. இரண்டு வாரத்தில் சர்ஜன்கள் கூட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு பேரின் மதிப்பெண்களையும் படிக்கப்போவதாகவும் இருந்தது.

அன்று பதினோரு மணிக்கு எதிரே டீக்கடைக்குப் போனேன். எங்கள் உணவு ஆலோசகர் கண்ணில் படாமல் வடை தின்ன நான் வழக்கமாகப் போகும் நேரம் அது. கடை ஓரத்துச் சிமெண்டுத் திட்டில் தேவராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி டீ கிளாஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. இரண்டு கையாலும் திட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த கை நடுங்கியது.

"தேவராஜ், என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணியும் இல்ல மேடம். டீ குட்ச்சேன். அரை அவர்ல சரியாப்பூடும்."

"உள்ளே வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

"அட, டெய்லி வர்றதுதான். காலைல நாஸ்டா துன்னாலும் வரும், டீ குட்ச்சா கண்டிப்பா வரும். நெஞ்சு அட்ச்சிக்கும், ஒடம்பு ஆடும், கண்ணு கட்டும். செத்த குந்திகினா பூடும்."

வடை என் கையிலேயே இருந்தது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, சர்க்கரை சேர்ந்த எதுவும் சின்ன வயிற்றிலிருந்து சட்டென்று குடலுக்குள் இறங்கினால் சிலருக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் அந்தக் கேள்வி இருப்பதே அதற்காகத்தான்.

"ஃபார்ம்ல 'ஒருபோதும் இல்லை'ன்னு டிக் போட்டிருக்கீங்களே?"

"எதுல?"

"சாப்பிட்ட அப்புறம் அசௌகரியம் இருக்கான்னு கேட்டிருந்துதே."

அவர் உண்மையிலேயே குழம்பினார். "அத்தக் கேக்கறீங்களா? அசவுகரியம்னா வசதி இல்லாததுதான மேடம்? எங்க வூட்ல மேஜ கீது, நாற்காலி கீது, மேல ஃபேன் ஓடுது. சவுகரியமா குந்திகினுதான் துன்றேன். அதுவும் மேல வாய்க்கைத் தரம்னு வேற போட்டுகீது. ரேசன் கார்டு ஆபீஸ்ல வந்து கேக்கறா மாதிரி, வூட்ல இன்னா கீது இன்னா இல்லன்னு கேக்கறாங்கன்னு நெனச்சேன். கவுரமா எல்லாம் நல்லா கீதுன்னு போட்டேன்."

அவர் சட்டைப் பையில் அந்த உறை துருத்திக்கொண்டிருந்தது. வியர்வையில் அதன் ஒரு மூலை நனைந்திருந்தது.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? முதலில் தோன்றியதைச் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எப்படியும் போர்டு டாக்டர்கள் பரிசோதித்துக் கண்டுபிடிப்பார்கள், நாம் ஏன் நடுவில் நுழைய வேண்டும் என்று தோன்றியது. காலை வெறும் வயிற்றோடு அவர் போனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதும் அடுத்த நொடியே தோன்றியது.

அவர் பக்கத்தில் திட்டில் உட்கார்ந்தேன்.

"இப்ப ஏணி ஏற முடியுமா?"

"இப்பவா?" சிரிக்கப் பார்த்தார். "இப்ப இந்தத் திட்டு மேலயே ஏற முடியாது."

"மேலே கூண்டுல இருக்கும்போது இப்படி வந்தா?"

ஒரு கன்டெய்னர் லாரி போய் முடிகிற வரைக்கும் தேவராஜ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீய ஆளுங்க நின்னுகினு இருப்பாங்க மேடம்" என்றார். "கொக்கியில லோடு தொங்கிகினு இருக்கும். கீய நிக்கறவன் மேல பாக்க மாட்டான். நான் மேல கீறேன்னு நம்பித்தான் நிப்பான்."

அதன் பிறகு குரல் மாறியது. "நாளிக்கி ஒரு நாள் மட்டும் வுட்டுடுங்க மேடம். போர்டு பாஸ் ஆயிட்டா அப்பால பத்தியமா இருந்துக்கறேன். டூட்டில டீயே குடிக்க மாட்டேன். ஸ்டோர்ல ஒரு வருசமா குந்திகினு கீறேன். மேல இருந்தவன் மேடம் நானு."

"நான் டாக்டர்கிட்ட சொல்லப் போறேன் தேவராஜ். கவரை நீங்க கொடுத்தாலும் சொல்வேன், கொடுக்கலைன்னாலும் சொல்வேன்" என்றேன். உறுதியாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். கடைசி வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

அவர் உறையை எடுத்தார். கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். என் கையில் கொடுக்கவில்லை, என் மடியில் வைத்தார்.

"நல்லா இருங்க மேடம்."

வடசென்னையில் அந்த வார்த்தையை எந்தக் குரலில் சொன்னால் அது வாழ்த்து, எந்தக் குரலில் சொன்னால் சாபம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் எழுந்து நடந்துபோனார். உள்ளே வந்து படுங்கள் என்று பின்னாலேயே கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சர்ஜன் அறை இரண்டாவது மாடியில். முதல் மாடி ஏறுவதற்குள் ஒரு நல்ல பொய்யைத் தயார் செய்துவிட்டேன். தேவராஜ் வேண்டுமென்றே மறைத்துவிட்டார், மற்ற முப்பத்தேழும் சரி என்று சொல்லிவிடலாம். அவர் கெட்டவராவார், கேள்வித்தாள் பிழைத்துக்கொள்ளும். அங்கே மூச்சு வாங்க நின்றபோதுதான் ஜெரினாவின் மாமியார் ஞாபகத்துக்கு வந்தார். சுயநினைவோடு பஸ் ஏறிய வியாபாரி வந்தார். கேன்டீனில் நான் நடித்துக் காட்டிய ஒவ்வொருவரும் வரிசையாக வந்து நின்றார்கள். கேள்வி புரியவில்லை என்று அவர்கள் ஒவ்வொருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, டிக்கையும் போட்டிருக்கிறேன்.

உள்ளே போய் உறையை மேஜை மேல் வைத்து, டீக்கடையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் உடனே சான்றிதழை எடுத்து இரண்டாகக் கிழித்துவிட்டு, தேவராஜ் வீட்டுக்குப் போன் போடச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை. பிறகுதான் என்னைப் பார்த்தார். "இவர் ஒருத்தர் ஃபார்ம் மட்டும்தானே தப்பு?"

"முப்பத்தெட்டும் தப்பு சார்."

"எப்படி?"

அசௌகரியத்தையும் நாற்காலியையும் சொன்னேன். சுயநினைவைச் சொன்னேன். உறவுக்காரர்களைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கேன்டீனில் கைதட்டல் வாங்கிய அதே கதைகள்தான். அந்த அறையில் அவை வேறு மாதிரி ஒலித்தன.

"உங்களுக்குத் தமிழ் ரொம்ப நல்லா வரும்னு யார் மேடம் என்கிட்ட சொன்னது?"

"நான்தான் சார் சொல்லிட்டிருந்தேன்."

கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து சர்ஜன்கள் கூட்டத்துக்கு அவர் எடைக் கணக்கை மட்டும் கொண்டுபோனார். ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே ஒருவர் எழுந்து கேட்டாராம். "அதை எப்படிக் கேட்பது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை" என்று பதில் சொன்னதாகத் திரும்பி வந்து சொன்னார். என்னைத் திட்டுவதற்குப் பதிலாகத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். நன்றாக உறைத்தது.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை அகராதிகளை வீட்டிலேயே விட்டேன். உணவு ஆலோசகர் அறை வாசலில் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பேன். அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே எழுதிக்கொள்வேன். விளக்கம் சொல்லக்கூடாது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என் கணவருக்குத்தான் தெரியும்.

'தயங்குவதில்லை' என்று கேள்வி கேட்டு, 'ஒருபோதும் இல்லை' என்று கட்டம் கொடுத்தால் அதற்கு ஆம் என்று அர்த்தமா இல்லை என்று அர்த்தமா? பெஞ்சில் இருந்த ஐந்து பேர் இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் நீங்களே சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.

ஜெரினாவின் மாமியாரை டோக்கன் வாங்க அனுப்பிவிட்டு, அவளைத் தனியாக உள்ளே அழைத்தேன். "அன்னிக்கு அந்தக் கேள்வியை அப்படிப் படிச்சது என் தப்பு" என்றேன். "இதை எப்படிக் கேட்டா உனக்குச் சொல்ல முடியும்?"

துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு, "வூட்டுக்காரரோட நெருக்கமா இருக்க முடியுதான்னு கேளுங்க மேடம். ஆனா தாள்ல குடுங்க, வாயால கேக்காதீங்க" என்றாள். கேள்விக்குக் கட்டங்கள் ஐந்துதான். அவள் அன்று இருபது நிமிடம் பேசினாள். அதை நான் எங்கும் எழுதவில்லை, எந்தக் கேன்டீன் மேஜையிலும் சொல்லவில்லை.

தலைப்பை "ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பது போல இருக்கிறது என்று சர்ஜன் முகம் சுளித்தார். "அவங்ககிட்டதான் சார் உண்மையைச் சொல்றாங்க" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பதில் அதுதான். அதனால்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

நான் அதோடு நின்றேனா? இல்லை. ஒரு தவறு செய்தவர்கள் அதற்கு நேர் எதிர்த் தவறைச் செய்யாமல் ஓய மாட்டார்கள். மக்கள் மொழி, மக்கள் மொழி என்று ஆவேசம் வந்து, முழுப் படிவத்தையும் வடசென்னைப் பேச்சிலேயே எழுதிவிட்டேன். "துன்னதுக்கப்பால ஒடம்பு பேஜாரா கீதா?" என்று கேள்வி. கட்டங்களில் "எப்பவும் கீது", "சொம்மா சொம்மா கீது." கட்டுரைப் போட்டிக் கோப்பை வாங்கியவள் நான்தானா என்று எனக்கே பெருமை.

அந்தத் தாளை முதலில் படித்தவர் தேவராஜ். இரண்டு மாதமாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். உணவு ஆலோசகர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சர்க்கரையை நிறுத்தி, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் விட்ட பிறகு நடுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. அன்று பெஞ்சில் இடம் இல்லாததால்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை அவராகவே கையில் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"இன்னா மேடம் இது? எங்களப் பாத்தா நக்கலா கீதா?"

"இல்ல தேவராஜ், நீங்க பேசற மாதிரியே..."

"நாங்க பேசுவோம். அது எங்க பேச்சு, எங்க இஷ்டம். சினிமாவுல இப்டி பேசவுட்டு சிரிக்கறாங்க, ஆஸ்பத்திரிலயுமா? பேப்பர்ல பேப்பர் மாதிரி எய்துங்க மேடம். புரியறா மாதிரி எய்துங்க, அவ்ளோதான்."

"சரி, இந்தக் கேள்வியை எப்படி எழுதலாம்?"

கோபம் அடங்காமலேயே யோசித்தார். "சாப்பிட்ட பிறகு மயக்கம், நடுக்கம், படபடப்பு வருகிறதா? அப்டின்னு கேட்டா இன்னா? எல்லாத்துக்கும் தெரியும், யாருக்கும் அசிங்கம் இல்ல."

எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை போல வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்து, "படபடப்புல ஒரு 'ப' வுட்டுட்டீங்க" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் மூன்று நான்கு திங்கட்கிழமை அவர் பெஞ்சுக்கு வந்தார். மூலத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் எந்த வேலையை விட்டீர்களோ அதை இப்போது செய்ய முடிகிறதா என்று. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. தனித்தாளில், மதிப்பெண் இல்லாமல், அடியில் இணைத்தோம். விதிக்கு நாங்கள் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது மாதம் மெடிக்கல் போர்டு மறுபடி கூடியது. இந்த முறை சர்ஜன் அவரைக் காலையிலேயே வரவழைத்து, வயிறார இட்லி சாப்பிடச் சொல்லி, இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்த பிறகே சான்றிதழ் எழுதினார். ஆரம்பத்தில் இரண்டு மாதம் இன்னொரு ஆபரேட்டரோடு சேர்ந்துதான் ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு போர்டு அனுமதித்தது.

வருடம் முடிந்து பரிசோதனைக்கு வந்தபோது, தேவராஜ் கிரேனில் தனியாக ஏற ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புதிய படிவத்தைக் கொடுத்தேன். பெஞ்சின் கோடியில் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். உணவு ஆலோசகர் இரண்டு முறை வெளியே வந்து எட்டிப் பார்த்தார். தேவராஜ் இரண்டாம் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. ஒரு இடத்தில் டிக் போட்டு, அடித்து, பக்கத்துக் கட்டத்தில் போட்டு, பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுக்கமாட்டாமல் கிட்டே போனேன். "என்ன தேவராஜ், ஏதாவது புரியலையா?"

"அல்லாம் புரியுது மேடம்."

"அப்புறம் என்ன?"

"இரு மேடம், அவசரப்படாத" என்றார். அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "யோசிச்சுத்தான போடணும்? இது என்னப் பத்தில்ல கேக்குது."

அடுத்த டோக்கன்காரர்களை மதியத்துக்கு வரச் சொல்லிவிட்டு, நான் எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.